பெண்கள் படிக்க, பெண்களே அச்சிட்ட பைபிள்: யார் இந்தப் பண்டித ரமாபாய்?

புதுச்சேரி சாரம் பக்கம் சாயங்கால வேளையில் நடந்து போனால், அவ்வைத் திடலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் பெண்களின் செருப்புகள் வரிசையாகக் கிடக்கலாம். உள்ளே பாய் விரித்து ஏழெட்டுப் பேர். ஒருவர் கையில் ஓரம் மடங்கிய பழைய பைபிள், இன்னொருவர் கையில் செல்போன். ஒருத்தர் ஒரு பகுதியை வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு இதுக்கு என்ன அர்த்தம்னு பேச ஆரம்பிப்பார்கள். ஆபீஸ் முடிந்து நேராக வந்த பெண்ணும் இருப்பார், பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கும் பாட்டியும் இருப்பார்.

இன்று இது சாதாரணக் காட்சி. ஆனால் ஒரு பெண் வேத நூலைத் தானே திறந்து, தானே வாசித்து, தனக்குப் புரியாததைக் கேள்வி கேட்பது என்பது 150 வருஷத்துக்கு முன்பு இந்தியாவில் எந்த மதத்திலும் சாதாரணமாக இருக்கவில்லை. எழுத்து தெரிந்த பெண்களே அபூர்வம். எழுத்து தெரிந்தாலும் புனித நூலின் மொழி அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

அந்த உயரத்தைக் குறைக்க வேண்டும் என்று தன் வாழ்நாளின் கடைசி ஆண்டுகளைக் கொடுத்த ஒரு பெண்தான் பண்டித ரமாபாய். எபிரேயமும் கிரேக்கமும் கற்று, முழு பைபிளையும் மராத்தியில் மொழிபெயர்த்தார். அதை அச்சுக் கோத்தவர்கள் பஞ்சத்திலிருந்து மீட்கப்பட்ட பெண்கள். ஆனால் அவர் கதை பைபிளில் தொடங்கவில்லை. பாகவதத்தில் தொடங்குகிறது.

காட்டில் ஒரு பாடசாலை

ரமாபாயின் அப்பா அனந்த சாஸ்திரி டோங்ரே, சம்ஸ்கிருத பண்டிதர். இளம் வயதில் புனேயில் குருவிடம் படித்தபோது, பேஷ்வா குடும்பத்துப் பெண் ஒருவர் சம்ஸ்கிருதம் வாசிப்பதைக் கேட்டு அசந்துபோனார். பெண்ணாலும் முடியுமா என்ற ஆச்சரியம், தன் மனைவிக்கும் கற்றுக்கொடுக்கலாமே என்ற ஆசையாக மாறியது. முதல் மனைவியிடம் அது நடக்கவில்லை, வீட்டுப் பெரியவர்கள் விடவில்லை. அவர் இறந்த பிறகு, நாற்பது வயதைத் தாண்டிய சாஸ்திரி ஒரு யாத்திரையில் இன்னொரு யாத்ரீகரின் ஒன்பது வயது மகளை மணந்தார். இன்றைய கண்ணுக்கு இது அதிர்ச்சிதான், அன்றைய வழக்கம் அது. அந்தச் சிறுமி லட்சுமிபாய்க்கு அவர் சம்ஸ்கிருதம் கற்பித்தார்.

ஊர் சும்மா இருக்குமா? பெண்ணுக்கு தேவபாஷை கற்பித்தது சாஸ்திர விரோதம் என்று பேச்சு கிளம்பியது. உடுப்பியில் பண்டிதர் சபையில் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. புராணங்களிலிருந்தும் தர்ம சாஸ்திரங்களிலிருந்தும் மேற்கோள்களை எடுத்து வைத்து வாதாடி வெளியே வந்தார். அப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா காட்டில் போய்க் குடியேறினார். அங்கேதான் 1858 ஏப்ரல் 23 அன்று ரமா பிறந்தார்.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது குடும்பம் கடனில் சிக்கி வீட்டை விட்டது. பிரம்புக் கூடையில் வைத்துச் சுமந்து கொண்டு போனார்கள். அதன் பிறகு சுமார் பதினாறு வருஷம் அவர்களுக்கு நிலையான வீடு கிடையாது. கோயில் கோயிலாகப் போய், மண்டபத்திலோ ஆற்றங்கரையிலோ உட்கார்ந்து புராணம் வாசிப்பது, கேட்பவர்கள் தரும் அரிசியையும் காசையும் வைத்து வாழ்வது. அப்பாவுக்கு வயதாகிவிட்டதால் ரமாவுக்குப் பாடம் சொன்னது அம்மா. விடியற்காலையில் எழுப்பி, மடியில் உட்காரவைத்து சுலோகங்களைச் சொல்லிக் கொடுத்தார். பதினெட்டாயிரம் சுலோகம் என்று கணக்கு சொல்லப்படும் பாகவதம் ரமாவுக்குச் சின்ன வயதிலேயே மனப்பாடம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெண்ணுக்கு வேதம் ஓதும் உரிமை இல்லை என்பதை அவருடைய அப்பாவும் மீறவில்லை. புராணம், காவியம், இலக்கணம் எல்லாம் கற்பித்தார், வேதத்தை மட்டும் விட்டுவிட்டார். எல்லாம் படித்த பெண்ணுக்கும் ஒரு கதவு பூட்டியே இருந்தது. ரமாபாயின் பிற்கால வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்தப் பூட்டு முக்கியம்.

திருப்பதி மலையடியில் பதினொரு நாள்

1874 வாக்கில் பஞ்சம் வந்தது. குடும்பம் அப்போது சென்னை மாகாணத்தில் அலைந்துகொண்டிருந்தது. கையில் இருந்ததையெல்லாம் பூஜைக்கும் தானத்துக்கும் செலவழித்தாகிவிட்டது. பாத்திரம், நகை, நல்ல துணி ஒவ்வொன்றாகப் போனது. கூலி வேலைக்குப் போகலாம் என்றால் சாதிக் கட்டுப்பாடும் கௌரவமும் தடுத்தன. வேலை தெரியவும் தெரியாது.

கடைசியில் அன்று வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த திருப்பதிக்குப் பக்கத்துக் காட்டுக்குள் போனார்கள். பதினொரு நாள் இரவும் பகலும் இலையும் தண்ணீரும், கொஞ்சம் காட்டு ஈச்சம்பழமும்தான் சாப்பாடு. பார்வை மங்கிய அப்பா, புனித தீர்த்தத்தில் இறங்கி உயிரை விடலாம் என்று முடிவு செய்தார். எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டார். அப்போதுதான் மகன் சீனிவாசன், சாதி கௌரவத்தை உதறிவிட்டுக் கூலி வேலை செய்தாவது காப்பாற்றுகிறேன் என்று தடுத்தார். ஆனாலும் தாமதமாகிவிட்டது. காட்டை விட்டு வெளியே வந்த கொஞ்ச நாளில் அப்பா இறந்தார். அதன்பின் ராய்ச்சூரில் அம்மா.

அம்மாவின் பாடையைத் தூக்க ஆள் இல்லை. கெஞ்சிக் கேட்டு இரண்டு பிராமணர்கள் வந்தார்கள். அண்ணன் மூன்றாவது ஆள். நாலாவது ஆளாக ரமாவே தோள் கொடுக்க வேண்டியதாயிற்று. உயரம் போதாததால் பாடையைத் தலையில் தாங்கிக்கொண்டு நடந்தார். சுடுகாடு மூன்று மைல் தூரம். அப்போது அவருக்குப் பதினாறு வயது. சீக்கிரத்திலேயே அக்காவும் இறந்துபோனார்.

எஞ்சியது அண்ணனும் தங்கையும் மட்டும். நாலு வருஷம் இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள். பஞ்சாப், காஷ்மீர் வரை போனார்கள். குளிருக்குப் போர்வை இல்லாமல் ஆற்று மணலில் குழி தோண்டி, கழுத்துவரை மணலால் மூடிக்கொண்டு தூங்கிய இரவுகள் உண்டு. சொன்ன விரதம் எல்லாம் இருந்தோம், கும்பிட வேண்டியதையெல்லாம் கும்பிட்டோம், ஏன் இப்படி என்ற கேள்வி அந்த நடையில்தான் அவருக்குள் முளைத்தது.

கொல்கத்தா கொடுத்த பட்டம், கிடைத்த முதல் பைபிள்

1878ல் இருவரும் கொல்கத்தா வந்தார்கள். இருபது வயதுப் பெண், கல்யாணமாகாதவர், சம்ஸ்கிருதத்தில் சரளமாகப் பேசுகிறார் என்றதும் நகரமே திரும்பிப் பார்த்தது. பண்டிதர்கள் பரிசோதித்தார்கள். பண்டிதா, சரஸ்வதி என்று பட்டங்கள் கொடுத்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு கிறிஸ்தவக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே சம்ஸ்கிருதத்தில் மொழிபெயர்த்த பைபிள் ஒன்றைக் கொடுத்தார்கள். வாங்கிக் கொண்டு போய்ப் படித்துப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. இலக்கணத்தை நுனிநாக்கில் வைத்திருப்பவருக்கே அந்த நடை பிடிபடவில்லை, படிப்பதே வீண் வேலை என்று தோன்றியது. இந்தச் சின்ன ஏமாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அதே ஊரில்தான் பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ் சந்திர சென், வேதம் படித்திருக்கிறாயா என்று விசாரித்து, ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்தார். பூட்டியிருந்த கதவு திறந்தது. பெண்களைப் பற்றி தர்ம சாஸ்திரங்கள் என்ன சொல்கின்றன என்பதையும் அப்போது ஆழமாகப் படித்தார். நூல்கள் பல விஷயங்களில் ஒன்றுக்கொன்று முரண்பட்டாலும், பெண் தாழ்ந்தவள் என்பதில் மட்டும் ஒன்றாக நிற்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். இந்த முடிவுதான் பின்னாளில் பெரிய சண்டைகளுக்கு விதை.

1880ல் அண்ணனும் டாக்காவில் இறந்தார். அதே வருஷம் வங்காளி வக்கீல் பிபின் பிஹாரி மேதாவியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். வேறு சாதி, வேறு மொழி, வேறு மாகாணம். இரு தரப்பிலும் ஒதுக்கிவைத்தார்கள். அஸ்ஸாம் பக்கம் சில்சரில் குடித்தனம். அந்த வீட்டுப் புத்தக அலமாரியில் வங்காளியில் லூக்கா சுவிசேஷம் ஒரு சிறு புத்தகமாக இருந்தது. அது எப்படி வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ரமாபாய் எடுத்து வாசித்தார். இந்த முறை புரிந்தது! அக்கம்பக்கத்தில் இருந்த பாப்டிஸ்ட் மிஷனரி ஒருவர் வந்து ஆதியாகமக் கதைகளை விளக்கினார். கணவர் மிஷன் பள்ளியில் படித்தவர்தான், ஆனால் மனைவி கிறிஸ்தவராவதை அவர் விரும்பவில்லை.

மகள் மனோரமா 1881ல் பிறந்தாள். மறுவருஷம் பிப்ரவரியில் கணவர் காலராவில் இறந்தார். 23 வயது விதவை, கையில் பத்து மாதக் குழந்தை.

புனேயிலிருந்து வாண்டேஜுக்கு

புனேவுக்கு வந்தார். ரானடே, பண்டார்கர் போன்ற சீர்திருத்தவாதிகள் வரவேற்றார்கள். 1882ல் ஆரிய மகிளா சமாஜம் தொடங்கினார். அதே ஆண்டு கல்வி பற்றி விசாரித்த ஹண்டர் கமிஷன் முன் சாட்சி சொன்னார். பெண்களுக்குப் பெண் ஆசிரியர் வேண்டும், பெண் டாக்டர் வேண்டும், அதற்குப் பெண்களைப் படிக்க வைக்க வேண்டும் என்பது அவர் வாதம். மராத்தியில் பெண்களுக்காக ஒரு புத்தகம் எழுதி, அதில் வந்த பணத்தைக் கொண்டே 1883ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். டாக்டருக்குப் படிப்பது திட்டம். காது சரியாகக் கேட்காததால் அது நடக்கவில்லை.

வாண்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் தங்கினார். அந்தச் சகோதரிகள் லண்டனில் நடத்திய ஒரு மறுவாழ்வு இல்லத்துக்கு அவரை அழைத்துப் போனார்கள். ஊரால் ஒதுக்கப்பட்ட பெண்களை அங்கே மரியாதையாக நடத்துவதைப் பார்த்தார். இந்தியாவில் இப்படி ஓர் இடத்தை அவர் கண்டதில்லை. ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது, கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு இயேசு பேசிய யோவான் 4ஆம் அதிகாரத்தைச் சகோதரி ஒருவர் வாசித்துக் காட்டினார். ரமாபாயைத் திருப்பியது தத்துவ வாதம் அல்ல, இந்தக் கதைதான். 1883 செப்டம்பர் 29 அன்று மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

இந்தப் பயணத்தில் ஒரு துயரமும் உண்டு. கூட வந்த தோழி ஆனந்திபாய் பகத் வாண்டேஜில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்நிய ஊரில், புது மதத்தின் வாசலில், இருந்த ஒரே துணையும் போனது. இதை வரலாற்றுப் புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. இருபத்தைந்து வயதுப் பெண் அதை அப்படிக் கடந்திருக்க முடியாது.

நான் படிப்பேன், நானே முடிவு செய்வேன்

மதம் மாறியதும் அவர் அடங்கிப்போனார் என்று நினைத்தால் தப்பு. வாண்டேஜ் சகோதரிகளுக்கும் அவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து இன்றும் புத்தகமாகக் கிடைக்கிறது. அதைப் படித்தால் அவரைச் சமாளிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

திரித்துவக் கோட்பாட்டை அப்படியே ஏற்கச் சொன்னார்கள். பைபிளில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றார். லத்தீன் எழுத்து பொறித்த சிலுவை கொடுத்தபோது, எனக்குப் புரியாத லத்தீன் எதற்கு, சம்ஸ்கிருதம் ஆகாதா என்ற அர்த்தத்தில் கேட்டார். முட்டை கலந்த பலகாரத்தைத் தொடவில்லை, கடைசிவரை சைவம்தான். செல்டன்ஹாம் கல்லூரியில் அவர் ஆண்களுக்கும் பாடம் எடுக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, இந்தியாவில் இருந்த ஆங்கில பிஷப்புகள் அது கூடாது என்றார்கள். தன் நாட்டில் ஆண்கள் நிறைந்த சபைகளில் பேசியவரிடம் போய் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? கோபமாகப் பதில் எழுதினார்.

அவருடைய நிலை எளிமையானது. புரோகிதர் சொன்னதையெல்லாம் கேட்டு வளர்ந்த ஒரு சமயத்தை விட்டு வந்தாயிற்று. இங்கே வந்து இன்னொரு புரோகிதர் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதா? நூல் கையில் இருக்கிறது, கண் இருக்கிறது, புத்தி இருக்கிறது. படித்து முடிவு செய்யும் உரிமையை யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது.

அமெரிக்கப் பணம், புனேயின் கோபம்

உறவுக்காரரான ஆனந்திபாய் ஜோஷி பிலடெல்பியாவில் டாக்டர் பட்டம் பெறும் விழாவுக்காக 1886ல் அமெரிக்கா போனார். சில மாதம் என்று போனவர் இரண்டரை வருஷத்துக்கு மேல் இருந்தார். ஊர் ஊராகப் பேசினார், மழலையர் கல்வி முறை கற்றார். 1887ல் உயர்சாதி இந்துப் பெண்களின் நிலை பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் ஆயிரக்கணக்கில் விற்றது. பாஸ்டனில் ரமாபாய் சங்கம் உருவாகி, பத்து ஆண்டுகளுக்கு உதவி தருவதாக ஏற்றது. ஒரு நிபந்தனை: பள்ளியில் மதப் பிரசாரம் கூடாது.

1889 மார்ச் 11 அன்று மும்பையில் சாரதா சதன் திறந்தது. குழந்தை விதவைகளுக்கான பள்ளி, தங்கும் இல்லம். முதல் மாணவிகளில் ஒருவர் கோதுபாய். பின்னாளில் மகரிஷி கார்வேயை மறுமணம் செய்துகொண்டு புனேயையே அதிரவைத்தவர். மறுவருஷம் பள்ளி புனேவுக்கு மாறியது. நூலகத்தில் வேதமும் இருந்தது, பைபிளும் இருந்தது. எதை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

சிக்கல் ஒரு கதவில் ஆரம்பித்தது. தினமும் காலையில் ரமாபாய் தன் அறையில் மகளோடு உட்கார்ந்து பைபிள் வாசித்து ஜெபிப்பார். அறைக் கதவைச் சாத்துவதில்லை. சில பெண்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். யாரையும் கூப்பிடவில்லை, யாரையும் போகச் சொல்லவும் இல்லை என்றார் ரமாபாய். தாயைப் போல நேசிக்கும் ஒருவர் ஜெபிக்கும்போது, அனாதையாக வந்த சிறுமிகள் பக்கத்தில் போய் உட்காருவது முழு சுதந்திரமான முடிவா என்று எதிர்த்தரப்பு கேட்டது. அந்தக் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. திலகரின் கேசரி கடுமையாக எழுதியது. 1893ல் ரானடேயும் பண்டார்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். பெற்றோர்களும் காப்பாளர்களும் இருபதுக்கும் மேற்பட்ட பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பல பேர் திரும்பிப் போனது மொட்டையடித்த தலைக்கும் மூலைக்கும்தான்.

கதவைச் சாத்தியிருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும். அவர் சாத்தவில்லை. ஜோதிராவ் புலே போன்றவர்கள் முன்பே அவர் மதமாற்றத்தை நியாயப்படுத்திப் பேசியிருந்தார்கள். ஆனால் புனேயின் பெரிய மனிதர்களோடு அவருக்கு இருந்த உறவு அதோடு முடிந்தது.

வெள்ளைக்காரர்களுக்கும் அவர் செல்லப்பிள்ளை இல்லை. 1897 பிளேக் சமயத்தில் புனேயில் அரசு முகாம்களிலும் ஆஸ்பத்திரியிலும் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைப் பத்திரிகையில் எழுதினார். லண்டன் பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது, பம்பாய் கவர்னர் மறுப்பு அறிக்கை விட வேண்டியதாயிற்று.

கேட்கான்: மீட்கப்பட்டவர்களின் ஊர்

1896ல் மத்திய மாகாணங்களில் பஞ்சம். ரமாபாய்க்குத் திருப்பதிக் காடு மறக்கவில்லை. நேரே கிளம்பிப் போனார். ஆதரவற்ற பெண்களையும் சிறுமிகளையும் ஆள் பிடிப்பவர்கள் வளைப்பதைக் கண்ணால் பார்த்தார். கையில் இருந்த காசு, கிடைத்த ரயில் பெட்டி, அவ்வளவுதான். ஏறத்தாழ 300 பேரைக் கூட்டிவந்தார். புனேயிலிருந்து சோலாப்பூர் போகும் ரயில் பாதையில், கேட்கானில் பழத்தோட்டத்துக்காக வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் அவர்களைக் குடியேற்றினார். அதுதான் முக்தி மிஷன். 1900ல் குஜராத் பஞ்சம் வந்தபோது அங்கிருந்தோர் எண்ணிக்கை 2,000ஐ நெருங்கியது.

இங்கே மதச்சார்பற்ற நிபந்தனை கிடையாது. முக்தி வெளிப்படையாகவே கிறிஸ்தவ இல்லம். நெசவு, எண்ணெய் ஆட்டுவது, மாடு வளர்ப்பது, தோட்ட வேலை, தையல், அச்சகம் என்று ஒரு முழு ஊரின் வேலையையும் பெண்களே செய்தார்கள். பார்வையற்றவர்களுக்குப் பிரெயில் கற்பித்தார்கள். ஊர் விலக்கிய பெண்களுக்குத் தனி இல்லம் இருந்தது.

1905ல் முக்தியில் பெரிய எழுப்புதல் ஒன்று நடந்தது. தினமும் கூடி ஜெபிக்கத் தொடங்கிய பெண்கள் முதலில் 70 பேர், பிறகு நூற்றுக்கணக்கில் பெருகினார்கள். அங்கே பணியாற்றிய அமெரிக்கர் மின்னி ஆப்ரம்ஸ் எழுதிய சிறு புத்தகம், தென் அமெரிக்காவில் சிலி நாடு வரை போய் அங்கே பெந்தெகொஸ்தே இயக்கம் தொடங்கத் தூண்டுதலாக இருந்தது. இன்று பெந்தெகொஸ்தே வரலாற்றை எழுதுபவர்கள் லாஸ் ஏஞ்சலிஸோடு கேட்கானையும் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள்.

ஏன் இன்னொரு மொழிபெயர்ப்பு?

மராத்தியில் பைபிள் ஏற்கெனவே இருந்தது. செராம்பூரில் வில்லியம் கேரி காலத்திலேயே புதிய ஏற்பாடு வந்துவிட்டது. பைபிள் சங்கத்தின் திருத்திய பதிப்பும் இருந்தது. அப்புறம் எதற்கு இந்த மெனக்கெடல்?

காரணம் முக்தியின் வகுப்பறையில் இருந்தது. பஞ்சத்தில் வந்த பெண்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். பைபிளை எடுத்தால் தடுக்கித் தடுக்கி நின்றார்கள். பண்டிதர்களின் துணையோடு செய்த மொழிபெயர்ப்பு, சம்ஸ்கிருதச் சொற்கள் நிரம்பியது. ரமாபாய்க்குச் சம்ஸ்கிருதம் தாய்ப்பால் மாதிரி, அவருக்கு அது சுமையே அல்ல. ஆனால் கொல்கத்தாவில் கையில் வாங்கிய முதல் பைபிள் தனக்கே புரியாமல் போனது அவருக்குத் தெரியும். தனக்கே அப்படி என்றால், நேற்றுவரை வயலில் கதிர் பொறுக்கிய பெண்ணுக்கு?

இரண்டாவது காரணம் நுட்பமானது. பழைய சமயச் சொல் ஒன்றை எடுத்துப் புதிய அர்த்தத்துக்குப் பயன்படுத்தினால், பழைய அர்த்தமும் கூடவே வரும். அந்தச் சொற்களின் முழுச் சுமையும் ரமாபாயைப் போல வேறு எந்த மொழிபெயர்ப்பாளருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதனால் அவற்றைத் தேடிப் பிடித்து விலக்கினார்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய தகராறு அல்ல. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714–15ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட நாளிலிருந்தே கடவுளை எப்படி அழைப்பது என்ற சண்டை உண்டு. புராட்டஸ்டண்டுகளுக்குப் பராபரன், பிறகு தேவன். புதுச்சேரிக் கத்தோலிக்கப் பாட்டிகளின் ஜெபப் புத்தகத்தில் சர்வேசுரன். 1995ல் இரு தரப்பும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியத்தில் கடவுள், ஆண்டவர். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை மூன்று சொல்லில் ஜெபிப்பதைப் புதுச்சேரியில் பார்க்க முடியும்.

ஆனால் நல்ல மராத்தி மட்டும் போதாதே. ஆங்கில மொழிபெயர்ப்பைப் பார்த்து எழுதினால் அது நகலின் நகல். எனவே ஐம்பது வயதை நெருங்கும் காலத்தில், காது மேலும் மந்தமாகிக்கொண்டிருந்தபோது, எபிரேயமும் கிரேக்கமும் கற்று மூலத்திலிருந்தே செய்ய இறங்கினார். பகலில் ஆயிரக்கணக்கானோர் சாப்பாடு, கணக்கு, கடிதம், நோயாளி. அதிகாலையிலும் இரவிலும் அகராதியும் இலக்கணமும். பதினைந்து வருஷத்துக்கு மேல் இது ஓடியது. கிண்டர்கார்டன் முறை தெரிந்த, ஏழெட்டு மொழி பேசும், நிர்வாகமும் பார்க்கும் இவரைப் போன்ற ஒருவர் வேறு எதையாவது செய்திருக்கலாமே என்று அவருடைய ஆதரவாளர்களே அலுத்துக்கொண்டிருக்கக்கூடும்.

அச்சகம்தான் இந்தக் கதையின் அழகான பகுதி. கோப்பது, பிழை பார்ப்பது, மை தடவுவது, மடிப்பது, தைப்பது எல்லாம் முக்திப் பெண்கள். ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க வேண்டிய காலம் அது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் எழுத்து இடவலமாக மாறியிருக்கும். ஒரு பக்கத்தைக் கோக்கும் பெண் அந்தப் பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்துவிடுவாள். பெண்களுக்கான வேதபாட வகுப்பு இதைவிட நெருக்கமாக நடந்திருக்க முடியுமா என்ன?

பைபிள் முழுவதையும் தனியாக மொழிபெயர்த்த பெண்கள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அமெரிக்காவின் ஜூலியா ஸ்மித் 1876ல் தன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். இந்திய மொழிகளில் ரமாபாய்க்கு முன்பு இப்படி ஒரு பெண் கிடையாது.

கடைசிப் பக்கங்கள்

1919ல் அரசு கைசர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தது. 1921 ஜூலையில் மகள் மனோரமா இறந்தார். தாய்க்குப் பிறகு முக்தியை நடத்தத் தயாராக இருந்தவர், நாற்பது வயது. கூடையில் தூக்கிச் செல்லப்பட்ட காலத்திலிருந்து ரமாபாய் இழந்தவர்கள் பட்டியலில் கடைசிப் பெயர் அது.

அவர் மெய்ப்பு பார்ப்பதை நிறுத்தவில்லை. பழைய ஏற்பாட்டின் திருத்தம் முடிய இன்னும் கொஞ்ச நாள் கொடு என்று கடவுளிடம் கேட்டார், அந்த நாட்களுக்குள் முடித்துவிட்டுத்தான் கண் மூடினார் என்று முக்தியில் ஒரு கதை சொல்வார்கள். 1922 ஏப்ரல் 5 அன்று தூக்கத்திலேயே இறந்தார். இன்னும் பதினெட்டு நாளில் 64 வயது நிறைந்திருக்கும். முழு பைபிள் 1924ல் வெளிவந்தது.

அந்த மொழிபெயர்ப்பு மராத்தி சபைகளில் பரவலாகப் புழங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சபைகள் பைபிள் சங்கப் பதிப்பையே வைத்துக்கொண்டன. தனி ஒருவரின் உழைப்பு, பழக்கமில்லாத சொற்கள், எதிலும் சேராத ஒரு பெண்ணின் பெயர். பல காரணம் இருக்கலாம். நெடுங்காலம் இந்தியப் பெண்கள் இயக்க வரலாற்றிலும் அவருக்கு இடம் சுருங்கியே இருந்தது. இந்துக்களுக்கு மதம் மாறியவர், மிஷனரிகளுக்கு அடங்காதவர். 1989ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. கடந்த முப்பது ஆண்டுகளில்தான் ஆய்வாளர்கள் அவரைத் திரும்பத் தேடிப் படிக்கிறார்கள்.

புதுச்சேரிக்கு இதில் ஒரு கிளைக்கதை உண்டு. ரமாபாய் பிறப்பதற்குப் பதினாலு வருஷம் முன்பு, 1844ல், பிரெஞ்சுக் குருவான லூயி சவினியன் துபுய் இங்கே பெண்களுக்கு எழுத்தறிவு கொடுப்பதற்கென்றே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். வாசிக்கத் தெரிந்த பெண் என்றாலே தேவதாசி என்று ஊர் பேசிய காலம். நல்ல குடும்பத்துப் பெண்ணுக்குப் புத்தகம் எதற்கு என்று கத்தோலிக்கக் குடும்பங்களே தயங்கின. அப்படித் தொடங்கிய பள்ளிகளில் படித்தவர்களின் கொள்ளுப்பேத்திகள் இன்று சாரத்திலும் இருப்பார்கள்.

கேட்கானில் முக்தி மிஷன் இன்றும் இயங்குகிறது. ஆதரவற்ற பெண்களும் குழந்தைகளும் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். ரமாபாயின் கல்லறையும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது.